எல்லைக்கல்லுக்கு அப்பால் – 11: மணியாச்சியில் குண்டு, புதுச்சேரியில் சந்தேகம்

1911-ஆம் ஆண்டின் நடுவில் சென்னை மாகாண அரசு சில மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தது. தேடியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர்கள் இருக்கும் ஊர் தெரியும். தெரு தெரியும். யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதை சி.ஐ.டி. ஆட்கள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு மைல் தூரம்தான்.

ஆனால் அந்தத் தெரு பிரான்சுக்குச் சொந்தமாக இருந்தது.

ஒரு ஜில்லா கலெக்டரின் கொலையில் தொடர்புடையவர்கள் என்று ஒரு பேரரசு சந்தேகித்த ஆட்களை, அந்தப் பேரரசோடு நட்பு பாராட்டிய இன்னொரு அரசு ஒப்படைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

இதுவரை நடந்தது சுருக்கமாக: 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். அதே ஆண்டு 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தது. சட்டப்படி அதன் பொறுப்பாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், எழுதிய சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். 1910 ஏப்ரல் 4 அன்று கல்கத்தாவிலிருந்து கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். அதே ஆண்டு அக்டோபரில், லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் பாரிஸ் வழியாக வந்து சேர்ந்தார். ஊர்க்காரர்கள் இவர்களை மொத்தமாகச் 'சுதேசிகள்' என்றார்கள்.

அதுவரை இவர்கள் மீது இருந்தவை பெரும்பாலும் எழுத்துக் குற்றங்கள். 1911 ஜூன் 17 அந்த நிலைமையை மாற்றியது.

* * *

போட் மெயில் வருவதற்கு முன்

அன்று சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி'எஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சி சந்திப்பில் நின்றது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அவர்களுடைய பெட்டி காத்திருந்தது. அந்த மெயிலோடு சேர்ந்தால் கோவில்பட்டி, சாத்தூர், விருதுபட்டி, மதுரை கடந்து கொடைக்கானல் ரோடு.

இன்றைய விருதுநகர்தான் அன்றைய விருதுபட்டி. அதற்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கும் ஆமத்தூர் போன்ற ஊர்களின் ஜனங்களுக்கு ரயில் என்றால் இந்தத் தடம்தான். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி கலெக்டரின் ஆளுகையில் இருந்தவை. மணியாச்சியில் விழுந்த அடி இந்தக் கரிசல் பூமிக்கு வெளியூர்ச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

பதினோரு மணி ஆவதற்குள் அது நடந்தது. குடுமி வைத்த இளைஞர் ஒருவர் முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி, கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். வயது 25. திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர்.

அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங். சட்டைப்பையில் ஒரு கடிதம். ஐந்து நாளில் லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு எதிராகச் சபதம் செய்தவர்கள் மூவாயிரம் பேர் என்று அது சொன்னது. மூவாயிரம் என்பது மிகை. ஆனால் படித்த அதிகாரிக்குத் தூக்கம் போகப் போதுமான எண்.

சுட்டவர் இறந்துவிட்டார். அப்படியானால் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? சுடக் கற்றுக்கொடுத்தது யார்?

விசாரணை ஓரிரு வாரங்களிலேயே ஒரு பதிலுக்கு வந்து நின்றது. 1911 தொடக்கத்தில் வாஞ்சிநாதன் புதுச்சேரிக்குப் போயிருக்கிறார். அங்கே வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னவர்கள் அப்ரூவர்களாக மாறியவர்கள். பின்னாளில் ரௌலட் கமிட்டியின் அறிக்கையும் இதே கதையை உறுதியாக எழுதி வைத்தது.

* * *

இரண்டு எல்லைகள்

இந்த வழக்கில் போலீஸ் கடக்க வேண்டிய எல்லைகள் இரண்டு. இரண்டும் நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

செங்கோட்டை அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வாஞ்சிநாதனுக்குச் சம்பளம் கொடுத்ததும் அந்த அரசுதான். சட்டப்படி பார்த்தால் அதுவும் வேறொரு மன்னரின் பூமி. ஆனால் அங்கே சோதனை போடுவதும் ஆட்களைப் பிடிப்பதும் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. சமஸ்தானங்களோடு ஆட்களைப் பரிமாறிக்கொள்ள 1903-ஆம் ஆண்டின் இந்திய ஒப்படைப்புச் சட்டம் இருந்தது. அதற்கும் மேலே ரெசிடெண்ட் துரை இருந்தார். மறுக்கும் உரிமை மகாராஜாவுக்குக் காகிதத்தில் இருந்தாலும் நடைமுறையில் இல்லை.

புதுச்சேரி, பரப்பளவில் திருவிதாங்கூரின் ஒரு மூலைக்குக் காணாது. பிரிட்டிஷ் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பூமி. நெப்போலியன் போர்களுக்குப் பின் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தபோதே, கோட்டை கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஒரு பட்டாளம் நினைத்தால் ஒரு காலைப்பொழுதில் பிடித்துவிடலாம்.

ஆனாலும் அதற்குப் பின்னால் பாரிஸ் இருந்தது. பாரிசோடு 1904-ல் செய்துகொண்ட நட்பு உடன்பாடு இருந்தது. ஜெர்மனியின் கடற்படை வளர்ந்துகொண்டிருந்த காலம். ஒரு தமிழ்க் கவிஞரையும் வ.வே.சு. ஐயரையும் பிடிப்பதற்காக அந்த உறவைப் பணயம் வைக்க லண்டனில் எவரும் தயாரில்லை.

ஒப்படைக்க மறுப்பதற்கு முதலில் இறையாண்மை வேண்டும். சட்ட நுணுக்கமெல்லாம் அதற்குப் பிறகு வருவது. திருவிதாங்கூரிடம் இல்லாததும் புதுச்சேரியிடம் இருந்ததும் அதுதான்.

இந்த வழக்கில் தேடப்பட்ட ஓட்டப்பிடாரம் மாடசாமி பிள்ளை மட்டும் இரண்டு எல்லைக்குள்ளும் அகப்படவில்லை. அவர் கடைசிவரை பிடிபடவே இல்லை.

* * *

ஒன்பதாம் விதி

சட்டம் என்ன சொன்னது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஏட்டில் இருந்த எழுத்தின்படி பார்த்தால் பிரிட்டிஷார் பக்கம் வலுவாகவே இருந்தது.

1815 மார்ச் 7 அன்று லண்டனில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. முக்கியமாக உப்பு, அபின் வியாபாரம் பற்றியது. அதன் ஒன்பதாவது விதி இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்களைப் பற்றிப் பேசியது. வெளியே குற்றம் செய்தோ கடன் பட்டோ வழக்குக்கு ஆளானவர் யாராக இருந்தாலும், அந்தக் குடியேற்றங்களுக்குள் தஞ்சம் புகுந்தால், பிரிட்டிஷ் அரசு கேட்டதும் ஒப்படைக்க வேண்டும் என்றது. எதிர்த்திசையிலும் அதே கடமை.

அந்த விதியில் அரசியல் குற்றத்துக்கு விலக்கு இல்லை. கடன்காரனையே ஒப்படைக்கச் சொன்ன விதி அது.

அது அந்தக் காலத்துப் பார்வை. 1815-ல் ஐரோப்பிய அரசர்கள் ஒருவருக்கொருவர் முதலில் ஒப்படைத்தது கலகக்காரர்களைத்தான். திருடனைவிட ராஜத்துரோகிதான் பெரிய அபாயம். 1830-ல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புரட்சிகள் வந்தபோது பார்வை தலைகீழானது. நேற்றைய கலகக்காரர்கள் இன்றைய மந்திரிகள் ஆனார்கள். தங்களைப் போன்றவர்களைத் தூக்குமேடைக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. 1833-ல் பெல்ஜியம் சட்டம் போட்டது: அரசியல் குற்றத்துக்காக யாரையும் அந்நிய நாட்டிடம் ஒப்படைப்பதில்லை. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின.

1876-ல் பிரிட்டனும் பிரான்சும் புதிய ஒப்படைப்பு உடன்படிக்கை செய்தபோது அரசியல் குற்றத்தை விலக்கினார்கள். ஆனால் இந்தியப் பகுதிகளுக்கு 1815-ன் ஒன்பதாம் விதியே தொடர்ந்தது.

ஆக, டோவரிலிருந்து கலேக்கு ஓடியவருக்கு ஒரு நியாயம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓடியவருக்கு அறுபது ஆண்டுப் பழைய இன்னொரு நியாயம்.

எழுத்து அப்படி. பிரெஞ்சுக் குடியரசு அதன்படி நடக்கவில்லை. அரசியல் அகதியைக் காப்பது தன் குடியரசின் அடையாளம் என்று பெருமை பேசி வந்த நாடு, அந்தப் பெருமையைக் கடல் தாண்டியதும் கழற்றி வைப்பதாகச் சொல்ல விரும்பவில்லை. புதுச்சேரி வெறும் காலனியும் அல்ல. பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பூமி. இங்கே நடக்கும் ஒரு கைது அங்கே சபையில் கேள்வியாக எழும்.

* * *

கொலையும் அரசியலும்

எழுத்துக் குற்றத்துக்கு அடைக்கலம் என்பது சரி. கொலைக்கும் அடைக்கலமா? இதுதான் ஆஷ் வழக்கின் கடினமான முடிச்சு. அரசியல் நோக்கத்தோடு செய்த கொலை அரசியல் குற்றமா, வெறும் கொலையா?

இந்தக் கேள்விக்கு பிரிட்டன் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது. அதுவும் தனக்கு வசதியாக இருந்த காலத்தில்.

1858 ஜனவரி 14. பாரிசில் இசை நாடக அரங்குக்கு வந்த மூன்றாம் நெப்போலியன் மீது இத்தாலியரான ஓர்சினி குண்டு வீசினார். சக்கரவர்த்தி தப்பினார், சுற்றி நின்றவர்கள் செத்தார்கள். சதி தீட்டப்பட்டது இங்கிலாந்தில். குண்டுகள் செய்யப்பட்டது பர்மிங்காமில். உடந்தை என்று சந்தேகிக்கப்பட்ட சிமோன் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் குடியிருந்தார். பிரான்ஸ் கொதித்தது. பிரதமர் பாமர்ஸ்டன் சட்டத்தைக் கொஞ்சம் இறுக்கப் பார்த்தார். அந்நியனுக்குப் பணிவதா என்று நாடாளுமன்றம் அவரையே வீட்டுக்கு அனுப்பியது. பெர்னாரை லண்டனிலேயே விசாரித்தார்கள். ஜூரி அவரை விடுவித்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் நாற்காலிகள் இடம் மாறிவிட்டன. அன்று பிரான்ஸ் சொன்னதை இன்று பிரிட்டன் சொன்னது.

பெல்ஜியத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 1854-ல் மூன்றாம் நெப்போலியனின் ரயிலைத் தகர்க்க முயன்ற வழக்கில் அந்த நாடு தன் சொந்தச் சட்டத்தாலேயே கட்டுண்டு தவித்தது. 1856-ல் திருத்தம் வந்தது: அயல்நாட்டுத் தலைவரையோ அவர் குடும்பத்தாரையோ கொல்வது அரசியல் குற்றமாகக் கருதப்படாது. விலக்குக்கு விலக்கு. ஆனால் அது மன்னர்களுக்கும் அதிபர்களுக்கும் போட்ட வேலி. ஒரு ஜில்லா கலெக்டர் அதற்குள் வரமாட்டார்.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி 1890-ல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் கலகக் கூட்டம் ஒன்று அரசு மாளிகைக்குள் புகுந்தது. அதில் ஒருவரான காஸ்டியோனி, ரோசி என்ற மாநில மந்திரியைச் சுட்டுக் கொன்றுவிட்டு லண்டனுக்கு ஓடிவந்தார். அவரை ஒப்படைக்க லண்டன் நீதிபதிகள் மறுத்தார்கள். ஓர் அரசியல் கிளர்ச்சியின் பகுதியாக நடந்த கொலை என்பதால் அது அரசியல் குற்றம் என்றார்கள்.

நான்கு வருஷம் கழித்து அதே லண்டன் நீதிமன்றம் வேறு மாதிரி பேசியது. பாரிசில் உணவகத்திலும் படைவீரர் குடியிருப்பிலும் குண்டு வைத்த வழக்கில் மெய்யுனியே என்ற அராஜகவாதி லண்டனில் பிடிபட்டார். அவரை 1894-ல் பிரான்சிடம் ஒப்படைத்தார்கள். காரணம்: அரசியல் குற்றம் என்றால் ஆட்சிக்காக மோதும் இரண்டு தரப்புகள் வேண்டும். அராஜகவாதி எந்த ஆட்சியையும் ஏற்பதில்லை, அவன் குறி பெரும்பாலும் பொதுஜனம், எனவே பாதுகாப்பு இல்லை.

இப்போது வாஞ்சிநாதனின் குண்டை இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் கோப்புகள் புரட்சியாளர்களை அராஜகவாதிகள் என்றே குறிப்பிட்டன. வசை என்று மட்டும் அதை நினைக்க வேண்டாம். மெய்யுனியே தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டத்துக்குச் சட்டத்தில் விலை இருந்தது. ஆனால் மணியாச்சியில் செத்தது உணவகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அல்ல. அரசின் அதிகாரி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்கும் எதிராக அதிகாரத்தைச் செலுத்தியவர் என்று பெயர் வாங்கியவர். ஆட்சியை மாற்ற வேண்டும் என்பதே சுட்டவரின் கடிதம். காஸ்டியோனி பக்கம் தராசு சாய்கிறது. கூட்டமாக எழுந்த கலகம் இல்லை, தனியாள் செய்த கொலை என்று மறுபக்கம் வாதிடலாம். அதுவும் பலமான வாதம்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாக வைத்துப் பதினான்கு பேர் மீது நடந்த வழக்கில், தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், எய்லிங், சங்கரன் நாயர் என்ற மூவர் அமர்வு 1912 பிப்ரவரி 15 அன்று தீர்ப்புச் சொன்னது. நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை. சங்கரன் நாயர் தனியாக, மாறுபட்டு எழுதினார்.

தண்டனை தாங்கி நின்ற பிரிவு எது என்பதுதான் நமக்கு முக்கியம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 121-ஏ: அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தல். உலகின் எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் அரசியல் குற்றத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. இவர்கள் கொலைகாரர்கள் என்று பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அரசு, தன் சொந்த நீதிமன்றத்தில் இவர்களுடைய கூட்டாளிகளை ராஜத்துரோகச் சதிக்காரர்களாக நிறுத்தித் தண்டனை வாங்கியது.

இன்றைக்கு ஒப்படைப்பு வழக்குகளில் அடிக்கடி எழும் மரண தண்டனைக் கேள்வி அன்று எழவில்லை. பிரான்சில் கில்லட்டின் இருந்தது, பிரிட்டிஷ் இந்தியாவில் தூக்குக்கயிறு இருந்தது. ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லை. பின்னாளில் அதுவே பெரிய தடையானது. 2005-ல் போர்ச்சுகல் அபு சலேமை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, தூக்கு இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் அனுப்பியது. சுதந்திர இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமும் அரசியல் தன்மை கொண்ட குற்றத்துக்கு ஆளை ஒப்படைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தவர்களின் வாரிசு அரசு வேறு எப்படி எழுதியிருக்க முடியும்?

* * *

மார்செய்ல் வடு

சட்டத்தோடு ஒரு ரோஷமும் சேர்ந்துகொண்டது.

1910 ஜூலை 8 அன்று, லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்ட விநாயக் தாமோதர் சாவர்க்கர், மார்செய்ல் துறைமுகத்தில் 'மோரியா' கப்பலின் துவாரம் வழியாகக் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சு மண்ணைத் தொட்டாயிற்று. ஆனால் அங்கிருந்த பிரெஞ்சுக் காவலர் விவரம் புரியாமல் அவரைப் பிடித்துக் கப்பலிலேயே திரும்ப ஏற்றிவிட்டார்.

பாரிசில் புயல் எழுந்தது. ழான் ழோரேஸ் போன்ற சோஷலிஸ்டுத் தலைவர்களும், கார்ல் மார்க்சின் பேரன் ழான் லோங்கேயும் அரசை உலுக்கினார்கள். பிரான்ஸ் ஆளைத் திருப்பிக் கேட்டது. வழக்கு ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1911 பிப்ரவரி 24 அன்று முடிவு வந்தது: ஒப்படைத்ததில் முறைகேடு உண்டு, ஆனாலும் பிரிட்டன் அவரைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

நான்கு மாதம் கழியவில்லை. மணியாச்சியில் துப்பாக்கி வெடித்தது.

தன் மண்ணில் பிடிபட்ட ஒருவரைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டு உலகின் முன்னால் தலைகுனிந்த அரசிடம், அவருடைய லண்டன் தோழரையே தெரிந்தே கொடு என்று எதிர்பார்த்தது சென்னை. காலம் இதைவிட மோசமாகப் பொருந்தியிருக்க முடியாது. ஒன்பதாம் விதி மார்செய்லில் செல்லாது, புதுச்சேரியில் செல்லும் என்ற வேறுபாட்டையெல்லாம் பாரிஸ் பத்திரிகை வாசகருக்கு யார் விளக்குவது?

* * *

கொடுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை

இதையெல்லாம் வைத்துப் பிரெஞ்சு நிர்வாகம் சுதேசிகளை ஆதரித்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது அவர்களைத் தொல்லையாகவே பார்த்தது. பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் புதுச்சேரியிலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினார்கள். கடிதங்கள் கண்காணிக்கப்பட்டன. 'இந்தியா' பிரிட்டிஷ் எல்லைக்குள் வராமல் தடுக்கப்பட்டு 1910 மார்ச்சோடு நின்றிருந்தது.

ஒப்படைக்காமலேயே வெளியேற்ற ஒரு வழி இருந்தது: அந்நியர் பதிவு. புதுச்சேரியில் ஓராண்டுக்கு மேல் குடியிருக்காத வெளியாட்கள், ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகளிடம் நற்சான்று வாங்கிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போலீசுக்கு அஞ்சும் ஊரில் வங்காளத்திலிருந்து ஓடிவந்தவருக்காக எந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போடுவார்?

போட்டார்கள். அரவிந்தரைத் தன் வீட்டில் முதலில் தங்க வைத்த கலவை சங்கர செட்டியார் முன்னால் நின்று ஐந்து கையெழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்தார். ஒப்படைப்புக் கதைகளில் உடன்படிக்கைகளும் தீர்ப்புகளும்தான் பேசப்படுகின்றன. இப்படி உள்ளூரில் பெயரைப் பணயம் வைத்த ஐந்து பேரை யாரும் எழுதுவதில்லை.

அடுத்து ஆளைத் தூக்கும் யோசனை. நந்தகோபாலு செட்டி என்ற உள்ளூர்ப் புள்ளியின் அடியாட்களைக் கொண்டு அரவிந்தரை எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடத் திட்டம் இருப்பதாக அவர் வீட்டாருக்குத் தகவல் வந்தது. வீட்டு இளைஞர்கள் திராவகப் பாட்டில்களோடு இரவில் காவல் இருந்தார்கள். ஆனால் குறித்த நாளில் அந்த நந்தகோபாலு மீதே வேறொரு வழக்கில் பிரெஞ்சு வாரண்டு வந்துவிட்டது. அவர் தப்பி ஓடிய இடம் சென்னை. பிரிட்டிஷ் மண்ணில் தஞ்சம்.

* * *

கிணற்றில் கிடந்த ஜாடி

தீர்மானமான திருப்பம் 1912-ல் வந்தது.

வ.வே.சு. ஐயர் வீட்டில் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது வேலைக்காரப் பெண்ணின் வாளியோடு ஒரு ஜாடி மேலே வந்தது. வாய் இறுக மூடியிருந்தது. திறந்து பார்த்தால் வங்காளி எழுத்தில் காகிதங்கள், துண்டுப் பிரசுரங்கள், காளி படம். ஐயர் வைத்தது அல்ல. அப்படியானால் யாரோ போட்டிருக்கிறார்கள்.

என்ன செய்வது? எரித்துவிடலாம். திரும்பப் புதைத்துவிடலாம். பல வருஷம் போலீசுக்குத் தப்பி வாழ்ந்த மனிதர்களுக்குக் கை முதலில் அங்கேதான் போகும்.

அவர்கள் செய்தது நேர் எதிர். ஜாடியைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாங்களே கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்ற யோசனை பாரதியுடையது என்று சொல்லப்படுகிறது. யோசனையின் கூர்மை, இதுவரை பார்த்த சட்டத்தைத் தெரிந்தவருக்கு உடனே புரியும். பிரிட்டிஷ் அரசின் மீது சதி செய்தவன் பிரான்சுக்கு அரசியல் அகதி. பிரெஞ்சு மண்ணிலேயே, பிரெஞ்சுச் சட்டத்தை மீறிச் சதி செய்கிறவன் வெறும் குற்றவாளி. ஜாடியின் வேலை அவர்களை முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுவது. ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம், பிரான்ஸ் தானே வெளியே தள்ளிவிடும்.

சந்தேகம் வீண்போகவில்லை. மயூரேசன் என்பவர், இன்னின்னார் வீட்டுக் கிணறுகளில் இன்னின்னது இருக்கிறது என்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். விசாரணை மாஜிஸ்திரேட் நாந்தோ, அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். மேசை இழுப்பறைகளைத் திறந்தார். குண்டு செய்யும் குறிப்புகள் இல்லை. லத்தீனும் கிரேக்கமும் இருந்தன. பிரெஞ்சுப் படிப்பாளிக்கு அது வேறு வகைச் சாட்சியம். சந்தேகத்தோடு வந்தவர், அரவிந்தரைத் தன் அலுவலகத்துக்கு மரியாதையாக அழைத்துவிட்டுப் போனார்.

பொய்ப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை திரும்பியது. மயூரேசன் எல்லை தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஓடிவிட்டார்.

இந்த விவகாரம் பிரெஞ்சு நிர்வாகத்துக்கு அதுவரை இல்லாத ஒரு காரணத்தையும் கொடுத்தது. கேட்கும் அரசின் சாட்சியத்தை நம்பலாமா என்ற கேள்வி. ஆஷ் வழக்கில் ஐயர் மீது இருந்ததே அப்ரூவர்களின் வாய்மொழி. கிணற்றில் ஜாடி போடத் துணிகிற ஒரு தரப்பிலிருந்து வரும் வாய்மொழிக்கு எவ்வளவு மதிப்பு? இன்றுவரை ஒப்படைப்பு மறுப்புகளில் பல இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. நாடு தன்னிடம் இருப்பவர் நல்லவர் என்று சொல்வதில்லை. கேட்கிறவரிடம் போனால் நியாயமான விசாரணை நடக்குமா என்றுதான் கேட்கிறது.

அதே சமயம் ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. ஐயர் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு இட்டுக்கட்டியது என்று ஜாடியை வைத்து முடிவு கட்ட முடியாது. பொய்ச் சாட்சியம் தயாரித்த அரசிடம் மெய்யான குற்றச்சாட்டும் இருந்திருக்கலாம். புதுச்சேரியில் அது கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை. ஒப்படைக்காவிட்டால் நீயே விசாரி என்ற கடமை சர்வதேசச் சட்டத்தில் வலுப்பெற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1987-ல் சார்க் நாடுகள் காட்மாண்டுவில் கையெழுத்திட்ட பயங்கரவாத ஒழிப்பு உடன்படிக்கையில் அது இருக்கிறது. 1912-ல் பிரான்சை அப்படிக் கட்டாயப்படுத்த எதுவும் இல்லை. ஆஷின் விதவை மேரிக்கு அந்த வழக்கின் ஒரு பாதி திறக்கப்படாமலேயே போனது.

* * *

1914 ஆகஸ்ட்

இரண்டு வருஷம் ஒருவித அமைதி நிலவியது. பாரதி எழுதினார். ஐயர் எழுதினார். சி.ஐ.டி.யும் எழுதியது.

1914 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஐரோப்பா பற்றி எரிந்தது. பிரான்சும் பிரிட்டனும் ஒரே பதுங்குகுழியில் நின்றன. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கடற்கரை முழுவதும் பீதி. பிரிட்டனின் எதிரி இனி பிரான்சுக்கும் எதிரி. அப்படியிருக்க, பிரிட்டனைக் கவிழ்க்க நினைக்கிறவர்களைப் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வைத்திருப்பதற்கு என்ன நியாயம்?

பிரிட்டிஷ் நெருக்கடி மீண்டும் வந்தது, முன்பைவிடக் கடுமையாக. இம்முறை ஒப்படைப்பு என்ற பேச்சைத் தாண்டி ஒரு சமரசம் மிதக்கவிடப்பட்டது: இவர்களைக் கப்பலேற்றிப் பிரெஞ்சு ஆப்பிரிக்காவுக்கு, அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம். பிரான்ஸ் தன் வாக்கைக் காப்பாற்றியதாகவும் இருக்கும், பிரிட்டன் கண்ணிலிருந்து அவர்கள் மறைந்ததாகவும் இருக்கும். புதுச்சேரி வீடுகளில் அதைப் பற்றிய விவாதம் தொடங்கியது. போய்விடலாம் என்றார்கள் சிலர். நகர மாட்டேன் என்றார் ஒருவர்.

ஆளுநர் மாளிகையில் அப்போது இருந்தவர் ஆல்ஃபிரட் மார்த்தினோ, பழைய பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் வரலாற்றை எழுதிய அறிஞர். இந்தியாவில் ஆங்கிலேயரிடம் பிரான்ஸ் எப்படித் தோற்றது என்பதை அவரைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. சமாதான காலத்தில் ஒன்பதாம் விதியைக் கண்டும் காணாமல் இருந்த குடியரசு, போர்க்காலத்தில் தன் கூட்டாளியின் முகத்தைப் பார்த்து அதே பதிலைச் சொல்லுமா?

(தொடரும்)